பாதியில் நின்ற சாவு அடி

முதலில் வந்தது சத்தம். வாசனை அதன் பின்னால் வந்தது. போன மாதம் பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்தவர் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இசைப் பாடம். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவர் தப்பு மேளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இது திருவிழாவுக்கு, இது கல்யாணத்துக்கு என்று அடி அடியாகப் பிரித்துக் காட்டினார். அப்போதுதான் அந்த வாசனை, டீசல் புகையைக் கிழித்துக்கொண்டு: காய்ந்த தேயிலைக் குச்சி எரியும் நெருப்பில் வாட்டிய மாட்டுத்தோல். "அடுத்தது சாவு அடி" என்றார் வீடியோக்காரர். நான் எழுந்து மணியை அடித்துவிட்டேன். தெமோதரைக்கு முன்னால், யாருமே இறங்காத ஒரு வளைவு. நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. தூறலில் நின்றேன். அடுத்த பஸ் வரும்வரை வலது கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அந்தக் கைதான் கேமராவைப் பிடித்தது.

போர் இன்னும் முடியாத காலம். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். கணக்குப் படிப்பிக்கப் போனவனிடம், ஆளில்லை என்று சங்கீதத்தையும் கொடுத்தார்கள். எனக்கு ச ரி க ம தெரியும், அதற்கு அப்பால் இருட்டு. என்னைப் போன்றவர்களுக்கென்று பதுளையில் ஒரு பயிற்சிச் செயலமர்வு வைத்தார்கள். நடத்தியவர் யாழ்ப்பாணத்து டீச்சர். பதுளைப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக வயலின் சொல்லிக்கொடுப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர்தான் முதன்முதலாகச் சொன்னார்: "கம்யூனிகேஷனுக்குப் போங்கோ தம்பி. இன்டர்நெட்டில இப்ப எல்லாப் பாடமும் வீடியோவா இருக்கு. பாத்துப் பாத்துப் பிள்ளையளுக்குச் சொல்லலாம்."

அதன்பின் என் சனிக்கிழமைகள் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கம்யூனிகேஷன் கடையில் கழிந்தன. போன் கூண்டுகளுக்கு அருகே மூன்று கணினிகள். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடையாள அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டுத்தான் இருக்கையைக் காட்டுவார். யாரோ ஒரு வித்துவான் 'பா' என்று வாயைத் திறப்பார். திரை நடுவே வட்டம் சுற்றும். அவர் வாயை மூடுவதற்குள் நான் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். "என்ன மாஸ்டர், ஐயா இன்னும் வாய மூடல்லயா?" என்பார் நானா. துண்டு துண்டாய் வந்த பாட்டைத் துண்டு துண்டாய்க் கற்று, திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு ஒட்டிக் கொடுத்தேன். எங்கோ பாடியவர் இங்கே திரும்பத் திரும்பப் பாடுகிறார், நான் அழுத்தியபோதெல்லாம், அவருக்கே தெரியாமல். அதை அப்போது அதிசயம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் டீச்சர் கேட்டார்: "மிருதங்கத்துக்குப் பாடம் இருக்கு. கிட்டாருக்கு இருக்கு. உங்கட தோட்டத்துத் தப்புக்கு ஒண்டும் இல்லை. ஆராவது அடிக்கிறவையைத் தெரியுமோ?"

தோட்டத்தில் தப்பு மாட்டியிருக்கிற வீடு என்றால் அது எந்தச் சாதி வீடு என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் ஆன பிறகு நான் அதை யாரிடமும் சொல்வதில்லை.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் அடிப்பார் டீச்சர்" என்றேன்.

டீச்சர் தன்னுடைய சின்னக் கேமராவை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். "எல்லா அடியும் வரவேணும், என்ன? நான் போட்டு விடுறன்."

மச்சான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோட்டத்தில் திருவிழா என்றாலும் இழவு என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், தண்ணீர் கொட்டும் பீலியின் பக்கம், நெருப்பு மூட்டித் தப்பைச் சூடுகாட்டினான். தங்கச்சி ஏழு மாதம். கல்லில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தலைய வாரிக்கிட்டு வரலாம்ல? வெளிநாட்டுக்காரன்லாம் பாப்பானாம்."

"பாத்து, என்னைய அங்கயே கூட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

"கூட்டிக்கிட்டுப் போகட்டும். நான் நிம்மதியா தூங்குவேன்."

திருவிழா அடி அடித்தான். கல்யாண அடி அடித்தான். சாமி இறக்கும் அடியைக் கொஞ்சமாய், சாமி வந்துவிடாத அளவுக்கு. பிறகு குச்சிகளைக் கக்கத்தில் செருகினான்.

"சாவு அடி?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. சாவு அடியைப் பிணம் இல்லாமல் தோலில் அடிக்கக் கூடாது. பழகுகிறவர்கள்கூடத் தொடையில்தான் தட்டிப் பழகுவார்கள். அதைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தவும் கூடாது. குழியை மூடிய பிறகு அடக்க அடி என்று ஒன்று இருக்கிறது. மூன்று அடி மெதுவாக, ஒரு இடைவெளி, கடைசியாக ஒரே ஒரு அடி. அதை அடித்து, தப்பைத் தரையில் கவிழ்த்து, முதுகைக் காட்டி நடந்துவிட வேண்டும். அப்படி அடக்காத அடி ஆள் தேடும் என்பார்கள்.

"வேணாண்ணே" என்றாள் தங்கச்சி.

"படம்தானே. பாடத்துக்கு. எல்லா அடியும் வேணும்னு டீச்சர் சொன்னாங்க."

"மாஸ்டரு சொல்றாரு, டீச்சரு சொல்றாங்க. நாம யாரு?" என்றான் மச்சான், பாதி கேலியாய். பிறகு யோசித்து, "சரி. ஆனா அடக்கிட்டுத்தான் நிப்பாட்டுவேன். அதயும் சேத்து எடுத்துக்கங்க" என்றான்.

அடித்தான். எத்தனையோ முறை கேட்ட அடிதான். பிணம் இல்லாமல் கேட்டதில்லை. அது பீலியில் பட்டு, எதிர் மலையில் பட்டு, சட்டை இல்லாத உடம்பு மாதிரி திரும்பி வந்தது. அரை நிமிடம் போயிருக்காது, லயத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் தலையில் கை வைத்தபடி ஓடிவந்தார்கள். "யாருடி? யாரு போனது?" "கீழ் லயத்துக் கெழவனா?" "ஐயோ காலையிலதான தேத்தண்ணி குடிச்சாரு!" தான்தான் போய்விட்டேனோ என்ற முகத்தோடு அந்தக் கிழவரே வெளியே வந்து நின்றார். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி அடித்து முடித்து, அடக்க அடியை அடித்து, தப்பைக் கவிழ்த்து, முதுகைக் காட்டிப் பீலிப் பக்கம் நடந்தான். அதற்குப் பிறகுதான் திட்டுத் தொடங்கியது. மாஸ்டருக்குப் படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது என்றார்கள். தங்கச்சியை உள்ளே கூட்டிப்போய்த் திருநீறு பூசினார்கள்.

நான் கேமராவைப் பார்த்தேன். சின்னத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. மெமரி அட்டையில் இடம் நிறைந்துவிட்டது என்று.

எப்போது நிறைந்தது? திருப்பிப் பார்த்தேன். பெண்கள் ஓடிவருகிறார்கள், மச்சான் கண்ணை மூடுகிறான், அடி உச்சத்துக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். அங்கே அறுந்து நிற்கிறது. மலையில் அடங்கிய அடி படத்தில் அடங்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது, நான் சொல்லவில்லை. ஏற்கெனவே திட்டு வாங்கியாகிவிட்டது, இதையும் சொல்வானேன் என்று. நான் படித்தவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றும் சொல்லிக்கொண்டேன். டீச்சரிடம் கேமராவைக் கொடுத்தபோது, "கடைசியில கொஞ்சம் குறையுது டீச்சர்" என்றேன். "பரவாயில்லை தம்பி, அடி விளங்குதுதானே" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்யூனிகேஷனில் அதைத் தேடிப் பார்த்தேன். வந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். கீழே ஒரு எண்: இதுவரை பார்த்தவர்கள் பதினாறு. நான் பார்த்து முடித்ததும் பதினேழு.

பதினேழு. அந்த எண் எனக்கு ஏன் கசந்தது என்று அப்போது தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை நாற்பத்து மூன்று. எந்தத் தேசத்திலோ இருக்கிற ஒருவர் கீழே எழுதியிருந்தார்: சாவு அடி அருமை, தினமும் கேட்கிறேன். தினமும். அந்த ஆள் ஒவ்வொரு நாளும் ஒரு பொத்தானை அழுத்துகிறார், எங்கள் லயத்துக்குப் பின்னால் சாவு அடி தொடங்குகிறது, உச்சிக்கு ஏறுகிறது, அடங்காமல் நிற்கிறது. இரவில் படுத்தால் அல்ல, பட்டப்பகலில், கரும்பலகையில் கூட்டல் கணக்கு எழுதும்போது எனக்கு அது கேட்டது. இப்போது எங்கே அடிக்கிறதோ. யார் அழுத்தினார்களோ.

தங்கச்சிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷரைப் பார்த்தவர், பார்த்ததை இன்னொரு முறை பார்த்துவிட்டு, உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றினோம். மடுல்சீமைப் பாதையின் ஒவ்வொரு குழியிலும் அவள் என் கையைப் பிடித்தாள்.

மறுநாள் வார்டுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நின்றபோது, மச்சானிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அட்டை நிறைந்தது, அடக்க அடி பதியாதது, எல்லாவற்றையும்.

அவன் முதலில் சிரித்தான். "அடக்கல்லயா? நான்தான் அடக்கினேனே."

"மலையில அடக்கினீங்க. படத்துல இல்ல மச்சான்."

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"

"நூத்திப் பதினொண்ணு. போன சனிக்கிழம வரைக்கும்."

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். "நூத்திப் பதினொரு தடவ அடிச்சிருக்கேனா நான்? கை வலிக்கவே இல்லையே." சிரிப்பு போய்விட்டது. "ஒரு பொணமும் இல்லாம. ஊருக்கெல்லாம். ஏன் மச்சான் சொல்லல?"



"அத எடுத்துறச் சொல்றேன். டீச்சர் எடுத்துருவாங்க" என்றேன்.

"எடுத்துட்டா?" என்றான். "அடிச்சது அடிச்சதுதானே. கேட்டவன் காதுல பாதியில நிக்குது. எடுத்துட்டா எப்படி அடங்கும்? அடக்கணும். படத்துல தொடங்கினத படத்துலதான் அடக்கணும்."

படித்த நான் அதற்கு மறுப்பாக ஒரு வார்த்தை தேடினேன். அகப்படவில்லை. ஏனென்றால் வார்டுக்குள் தாதி மறுபடியும் தங்கச்சியின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே தோட்டத்துக்கு ஓடி, விடிய முதல் பஸ்ஸில் தப்போடு திரும்பினோம். பசறை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். தமிழர்களின் அடையாள அட்டைகளைத் தனியாகப் பார்த்தார்கள். துணியில் சுற்றியிருந்த வட்டமான பொருளைக் கண்டதும் ஒரு சிப்பாய் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியைத் திருப்பினான். மச்சான் மெதுவாக, மிக மெதுவாக, துணியை அவிழ்த்தான். சிப்பாய் சிறு பையன் முகத்தோடு கிட்டே வந்து, விரலை மடக்கித் தோலில் ஒரு தட்டுத் தட்டினான். டும். அவன் சிரித்தான், போகச் சொன்னான். பஸ் ஏறியதும் மச்சான் தப்பைத் திரும்பத் துணியில் சுற்றினான். வெகுநேரம் கழித்து, "இன்னிக்கி மொத அடி துவக்குக்காரன் அடிச்சிட்டான் மச்சான்" என்றான்.

டீச்சர் வாடகைக்கு இருந்த அறையின் முற்றத்தில் போய் நின்றோம். நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் புருவத்தை உயர்த்தினார்.

"இதையெல்லாம் நம்புறீங்களோ தம்பி? நீங்கள் கணக்கு மாஸ்டர் எல்லோ?"

"தெரியாது டீச்சர். தங்கச்சி உள்ள கெடக்கு."

அவர் தப்பைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கட பக்கம் எத்தனை பேரைப் பறை அடிக்காமலே எடுத்தது" என்றார் டீச்சர், யாரிடமும் சொல்லாதது போல. "என்ர தமையனைக்கூட. ஒரு சத்தமும் இல்லை. சைக்கிள்ளதான் கொண்டுபோனது. நீங்கள் உடம்பில்லாமல் அடிச்சதுக்குப் பயப்பிடுறீங்கள். எங்களுக்கு அடி இல்லாமல் போன உடம்புகள்." பிறகு உள்ளே போய்க் கேமராவையும், கட்டுக் கட்டாகப் பழைய பரீட்சைத் தாள்களையும் கொண்டுவந்தார். "இதை எரிச்சுச் சூடாக்குங்கோ. வடிவா அடிச்சு முடியுங்கோ."

ஸ்வரங்கள் எழுதிய தாள்கள் எரிந்தன. தோல் சூடேறும் வாசனை. வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து, என்ன பூசையா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம், பூசைதான் என்றார் டீச்சர். அட்டையில் இடம் இருக்கிறதா என்று நான் மூன்று முறை பார்த்தேன். மச்சான் கண்ணை மூடினான். மூன்று அடி மெதுவாக. இடைவெளி. கடைசி அடி. தப்பைக் கவிழ்த்தான், முதுகைக் காட்டி வாசல் படலை வரைக்கும் நடந்தான், திரும்பவில்லை. எடுத்ததை உடனே போட்டுப் பார்த்தேன். முழுவதும் இருந்தது. கடைசி ஒன்றும் இருந்தது.

நானாவின் கடையில், டீச்சர் தன் கணக்கைத் திறந்து அதை ஏற்றத் தொடங்கினார். பழைய வீடியோவுக்குக் கீழேயே இதையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். திரையில் ஒரு வெறுங் கோடு. அதில் நீலம் எறும்பு போல ஊர்ந்தது. நூற்றுக்குப் பத்து வீதம். பதினாலு. அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து. "லைன் இன்டெக்கி சரியில்ல மாஸ்டர், மழ" என்றார் நானா. மறுபடியும் அறுந்தது. மச்சானுக்குக் கணினியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கோடு நிறைந்தால் அடங்கிவிடும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிமிட்டினால் அறுந்துவிடும் என்பதுபோல.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க விடுவார்கள். "வாங்க மச்சான்" என்றேன். தலையை ஆட்டினான். "நீங்க போங்க. நான் இது முடியாம வரமாட்டேன்." அப்போது முப்பத்தாறு வீதம்.

மழையில் ஓடினேன். வார்டு வாசலில் நின்று பார்த்தேன், அவளுடைய கட்டில் வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையான கட்டில். அதன் மேல் மடித்து வைத்திருந்த அவளுடைய பூப்போட்ட சீத்தைத் துணி. பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். எது காப்பாற்றியது என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கிற தைரியம் கிடையாது. ஆனால் அன்று அந்தக் கட்டில் முன்னால் நின்றவனுக்கு இது தெரியாது. என் உடம்பில் ஒரு பகுதி இன்னும் தெரியாமலேதான் அங்கே நிற்கிறது. யாரோ பஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தினால், இறங்க வேண்டாத இடத்தில் இறங்கிவிடுகிறது.

தாழ்வாரத்தின் கோடியில் சக்கரச் சத்தம் கேட்டது. பிரஷர் இறங்கவில்லை, பிள்ளையை இப்போதே எடுக்க வேண்டும் என்று அவளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஓடிப்போய்த் தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்தேன். வீங்கிய முகத்தில் அவள் கண்கள் சின்னதாய் இருந்தன. என்னைத் தாண்டி, என் பின்னால் தேடினாள்.

"அவரு எங்கண்ணே?"

"கம்யூனிகேஷன்ல. ஒரு சின்ன வேல. ஓடிப்போய்க் கூட்டிட்டு வர்றேன், இந்தா, அஞ்சு நிமிசம்..."

"எனக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டாரு." கம்பியில் இருந்த என் விரல்களின் மேல் கையை வைத்தாள். "அடக்கியாச்சா?"

"ஏறிக்கிட்டிருக்கும்மா."

தாதி கதவைத் திறந்தார். கையை விடுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

"அப்ப கூப்பிடாத" என்றாள் தங்கச்சி. "என்னையப் பாக்கணும்னு பாதில எந்திரிச்சு வந்துறப் போறாரு. முழுசா முடிச்சிட்டே வரச் சொல்லுண்ணே. நான் போயிட்டு வந்துர்றேன்."